சக்திக்குக் கொடுக்காத மருந்து

மைசூர், குவெம்புநகர்
18 ஜூன் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. ஜோதி நங்கையின் போனும் மணி அடித்து ஓய்ந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். அண்ணிக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம், அவளும் படிக்கட்டும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சக்தியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் ஆய்வு மையத்துக்கு வந்தாய். டாக்டர் சொன்னதை நீ எனக்குச் சொல்வதற்கு முன்பே, நான் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து என் செய்தியைச் சொல்லிவிட்டேன். “வேல செய்யுதுண்ணா” என்றேன். அந்த இரண்டு சொல்லைத் தாண்டி நீ எதையும் கேட்கவில்லை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

சக்தியின் மூளையில் சேரும் ஒரு கொழுப்பை வெட்டிக் கரைக்க ஒரு நொதி வேண்டும். நொதி என்பது ஒரு புரதம். புரதம் மணி கோத்த நீளமான சரம் போன்றது. அது தன்னைத் தானே மடித்துக்கொண்டு ஒரு உருவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். சக்தியின் சரத்தில் ஒரே ஒரு மணி மாறியிருக்கிறது. அதனால் மடிப்பு தளர்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதற்குள் செல்லே அதைக் கழிவு என்று அழித்துவிடுகிறது. நாங்கள் அந்த நொதியைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரேயில் அதன் உருவத்தைப் பார்த்து, நடுவிலுள்ள குழிக்குள் உட்காருகிற மாதிரி ஒரு மருந்தைச் செய்தோம். அது உள்ளே போய் மடிப்பு கலையாமல் தாங்கிப் பிடிக்கிறது. சக்தியின் தொடையிலிருந்து எடுத்த தோல் செல்களில் அதைப் போட்டுப் பார்த்தோம். அங்கே வேலை செய்தது. நான் சொன்னது அதைத்தான்.

ஆனால் அண்ணா, மருந்து உட்காரும் அந்தக் குழிதான் நொதியின் வாயும். அளவு சற்றுக் கூடினால் வாயை அடைத்துவிடும். இப்போது அவளுக்குள் மிச்சமிருக்கிற கொஞ்ச வேலையும் நின்றுபோகும். எந்த அளவு தாங்கும், எந்த அளவு அடைக்கும் என்று கண்ணாடித் தட்டில் எங்களுக்குத் தெரியும். குழந்தையின் உடம்பில் தெரியாது. ஒரு எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை.

“அந்த டப்பா எங்க இருக்குது, காட்டு” என்றாய். நான் எழுந்திருக்கவில்லை. “உன்ற கொழந்தையா இருந்தா?” என்று கேட்டாய். நான் பதில் தேடுவதற்குள் போய்விட்டாய். சக்திக்கு வாங்கி வைத்த பால் அப்படியே இருந்தது.

அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரியாவது எழுது.

பிரியா


ராமாபுரம்
2 ஜூலை 2023

பிரியாவுக்கு,

கடிதம் வந்தது. ஜோதிதான் முதலில் படித்தாள். எனக்குத் தமிழ் எழுத்து வேகமாக ஓடாது. கன்னடத்தில் எழுதினால் அவளால் படிக்க முடியாது. அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

சரம், குழி, வாய் எல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. நான் விதையும் பூச்சிமருந்தும் விற்கிறவன். அளவு கூடினால் பயிர் கருகும் என்று தினமும் கடையில் நின்று சொல்கிறவன். ஆனால் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிற பயிருக்கு எவனும் அளவு பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான்.

அன்று டாக்டர் சொன்னதை நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். இனி நடக்கமாட்டாள் என்றார். அது எங்களுக்கே தெரியும், நடை நின்றே ஆறு மாதம் ஆகிறது. அடுத்தது விழுங்குவது நிற்கும், பிறகு மூச்சு என்றார். “வீட்டிலேயே நல்லாப் பாத்துக்கோங்க” என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன். நீ வேலை செய்யுது என்றாய். ஒரு மனுசனுக்கு அந்த இரண்டையும் ஒரே காலையில் சொல்லலாமா?

சக்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். கழுத்து நிற்பதில்லை. சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடித்தால் உடம்பு மொத்தமாகத் தூக்கிப் போடுகிறது, பிறகு அழ ஆரம்பித்தால் ஓய்வதில்லை. ஜோதி குக்கரையே எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள், சோறு வடித்துத்தான் வைக்கிறாள். கடையில் ஷட்டரை நான் கையால் தாங்கி மெதுவாக இறக்குகிறேன். சந்தை நாளில் லாரிக்காரர்களிடம் ஹாரன் அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். ஜோதி காதுபடவே பேசுகிறார்கள். இரண்டு பேரிடமிருந்தும் வந்தது என்று நீ ஒருதரம் படம் போட்டுக் காட்டினாயே, அதை நான் யாருக்குப் போட்டுக் காட்டுவது?

தோலை எடுத்தபோது பிடித்துக்கொண்டவன் நான். என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அவளுடைய தோலில் வேலை செய்கிற மருந்து அவளுக்குக் கிடையாது என்கிறாய். இதற்கு மேல் கெட்டுப்போக அவளிடம் என்ன இருக்கிறது, அதை மட்டும் சொல்.

கொடு பிரியா. என்ன ஆனாலும் உன்னைக் கேட்கமாட்டேன். எழுதித் தருகிறேன்.

சந்துரு


மைசூர்
16 ஜூலை 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது ஃப்ரீசரைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்தேன். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தூள், அவ்வளவுதான். கைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வாசல் காவலுக்கு இருக்கிற மாரிசாமி நான் வந்தால் எழுந்து நிற்பாரே தவிர, பையைப் பார்க்கமாட்டார். சபர்பன் ஸ்டாண்டில் ஹனூர் பஸ் ஏறினால் பொழுது சாயுமுன் உன் வீட்டில் இருந்திருப்பேன்.

குப்பியைப் பிடித்துக்கொண்டு அளவு யோசித்தேன். அவளுடைய எடைக்கு எவ்வளவு? அதில் எவ்வளவு குடலைத் தாண்டும், எவ்வளவு மூளைக்குப் போகும், எவ்வளவு ஈரலிலேயே தங்கிவிடும்? ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. விரல் மரத்துப்போகும்வரை நின்றுவிட்டு உள்ளே வைத்தேன்.

கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்டாய். இருக்கிறது அண்ணா. நங்கை குரல் கேட்டால் அந்தப் பக்கம் முகம் திருப்புகிறாள் என்று நீதான் சொன்னாய். அது இருக்கிறது. அந்த மிச்ச நொதியை நான் அடைத்துவிட்டால் அது போகும். வலிப்பு வரலாம். ஈரல் போய் வலியோடு போகலாம். நீ என்னைக் கேட்கமாட்டாய் என்பதை நம்புகிறேன். அதை மட்டும் நம்பிக் கொடுக்க முடியவில்லை.

என் குழந்தையாக இருந்தால் என்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெற்றவர்கள் கையில் ஃப்ரீசர் சாவியைக் கொடுக்காததற்குக் காரணம் அதுதான் போலிருக்கிறது. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

எங்கள் தலைவர் இராமச்சந்திரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சக்தி ஒருத்திக்காக மட்டும் அனுமதி கேட்டு எதிக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டோம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் வேலையை ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி ஏற்றிருக்கிறது. இரண்டும் சீக்கிரம் நடந்தால் முறைப்படியே கொடுக்கலாம். இந்தத் தடவை நான் எதையும் முந்திச் சொல்லவில்லை. நடந்தால் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

விழுங்கச் சிரமப்பட்டால் காத்திருக்காதே. வயிற்றில் குழாய் வைத்துவிடலாம். புரை ஏறினால் நெஞ்சில் சளி கட்டும், அதுதான் ஆபத்து. இங்கே கூட்டி வா, என் வீட்டில் இருங்கள். என்னோடு நீ பேச வேண்டியதில்லை.

பிரியா


ராமாபுரம்
29 அக்டோபர் 2023

பிரியாவுக்கு,

குழாய் வைத்தாகிவிட்டது. சாமராஜநகரிலேயே வைத்தோம். மைசூருக்கு வரவில்லை. தசரா கூட்டத்தில் அந்தச் சத்தத்தை அவள் தாங்கமாட்டாள். உன் வீட்டில் பேசாமல் இருக்கவும் எனக்கு வராது.

ராகிக் கஞ்சியை வடிகட்டி ஊற்றுகிறோம். இறங்குகிறது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஜோதிக்கு அதில் சந்தோஷம். வாயில் ருசியே தெரியாமல் வயிறு நிறைகிறதே என்று ஒருதரம் அழுதாள். தேனை விரலில் தொட்டு உதட்டில் வைக்கிறாள். நாக்கு வருகிறது.

கமிட்டி என்ன சொன்னது? மூன்று மாதமாக உன்னிடமிருந்து அதைப்பற்றி ஒன்றும் இல்லை. கடைக்குத் தபால்காரர் வந்தால் ஜோதி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறாள். நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். தொடையிலிருந்து எடுத்த தோல் இன்னும் உங்களிடம் உயிரோடு இருக்கிறது என்று ஒருதரம் சொல்லியிருந்தாய். அதற்கு வலிக்குமா? அதுவும் இவளைப் போலவே ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறதா? “அங்க அவ நல்லா இருக்காளான்னு கேளுங்க” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

மழை பொய்த்துவிட்டது. மக்காச்சோளம் பாதிக்கு மேல் போச்சு. விதை வாங்கிப் போனவர்களெல்லாம் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கடன் நோட்டை நான் எடுப்பதில்லை.

சந்துரு


மைசூர்
12 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கும் நங்கைக்கும்,

கமிட்டி முடியாது என்று சொல்லிவிட்டது. போன வாரம்தான் பதில் வந்தது. எலிகளின் முடிவு இல்லாமல் ஒரு குழந்தைக்குக் கொடுக்க அனுமதிக்க மாட்டார்களாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில் ஒரு அம்மாள் குழந்தை டாக்டர். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

எலிகளின் வேலை இன்னும் தொடங்கவில்லை. ஹைதராபாத் கம்பெனி விலகிக்கொண்டது. இந்த நோய் உள்ள குழந்தைகள் நாடு முழுவதும் தேடினாலும் கொஞ்சம் பேர்தான், மருந்து செய்தாலும் விற்க ஆள் இல்லை என்பது அவர்கள் கணக்கு. சார் வேறு இடம் தேடுகிறார். நான் தினமும் அவர் அறை வாசலில் போய் நிற்கிறேன். என்னைக் கண்டால் அவர் முதலில் தலையை ஆட்டிவிடுகிறார், நான் கேட்க வேண்டியதில்லை.

நங்கைக்கு: செல்களுக்கு வலி தெரியாது. அவற்றில் நரம்பு கிடையாது. மறக்கவும் அவற்றுக்கு ஒன்றும் இல்லை. சிவப்பு நிற நீரில், உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கிறோம். சாப்பிடுகின்றன, ஒன்று இரண்டாகப் பிரிகின்றன, தட்டு நிறைந்ததும் பாதியை வேறு தட்டுக்கு மாற்றுகிறேன். மற்றவர்கள் விடுப்பு எடுத்தால் தங்கள் தட்டுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இவற்றை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. நல்லா இருக்காளா என்று நீ கேட்டதற்கு இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணா, நொதியின் உருவம் இப்போது எங்களிடம் மிகத் தெளிவாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் மாறிய அந்த ஒரு மணி தெரியும். அதை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். என் அண்ணன் மகளுக்கு எந்த இடத்தில் என்ன கெட்டுப்போனது என்பதை அணு அணுவாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்பதுதான் என் வேலை, அதை நன்றாகச் செய்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நான் பொங்கலுக்கு வரலாமா? சக்தியைப் பார்க்க மட்டும்.

பிரியா


ராமாபுரம்
25 பிப்ரவரி 2024

பிரியாவுக்கு,

பொங்கலுக்கு வரலாமா என்று கேட்டதற்கு நான் பதில் போடவில்லை. பிறகு ஜோதியின் போனிலிருந்து உனக்கு அந்த ஒரு செய்திதான் வந்தது. நீ வந்தாய்.

வாசலில் நின்றாய். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் உனக்கு வழி விட்டார்கள், நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாய். குழிக்குப் போகும்போதும் பின்னால் தள்ளியே வந்தாய். எல்லோரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். நீ குனிந்தபோது நான் உன் கையைத் தட்டிவிட்டேன். அதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்காக வருத்தம் சொல்ல இதை எழுதவில்லை. எப்படிப் போனாள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாசி பிறந்ததிலிருந்து சளி. ஹனூரில் காட்டினோம், பிறகு கொள்ளேகால். அங்கே மைசூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், குழாய் போட்டு மிஷினில் மூச்சு கொடுப்பார்கள் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்து உறைக்குள் போட்டார். “வேண்டாங்க, ஊட்டுக்குப் போலாங்க” என்று ஜோதி சொன்னாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. காரில் வரும்போது சக்தி அவள் மடியிலேயே இருந்தாள். வழியெல்லாம் மூச்சு எடுப்பது கேட்டுக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து படுக்க வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெயில் நேரம், ஜோதி விசிறிக்கொண்டிருந்தாள். நின்ற பிறகும் விசிறிக்கொண்டிருந்தாள். நான்தான் விசிறியை வாங்கினேன்.

பழக்கத்தில் இப்போதும் ஷட்டரை மெதுவாகத்தான் இறக்குகிறேன்.

எழுத வேறொன்றும் இல்லை.

சந்துரு


மைசூர்
22 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். இராமச்சந்திரன் சார் வேண்டாம் என்றார். ஆனால் எங்கள் கட்டுரை வெளிவரப் போகிறது. மைசூர்ப் பத்திரிகைகளில் செய்தி வரலாம். உன் கடையில் யாராவது படித்துச் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது.

எலிகளின் முடிவு வந்துவிட்டது. வேறொரு நிறுவனம் செய்து கொடுத்தது. மருந்தை அவை தாங்கின. ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலிப்பும் வரவில்லை. மூளைக்குள்ளும் போயிருக்கிறது. நான் பயந்த அளவைவிட அதிகமாகக் கொடுத்தும் நொதியின் வாய் அடைபடவில்லை. சக்திக்கு வந்த அதே மாற்றம் உள்ள எலிகள் மருந்து குடித்தால் அதிக நாள் நடக்கின்றன.

உனக்கு என்ன கேட்கத் தோன்றும் என்று தெரியும். அன்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரியாது அண்ணா. எலி குழந்தை இல்லை. போன நடை திரும்பி வந்திருக்காது, அது மட்டும் நிச்சயம். கெட்டுப்போன மூளையை இந்த மருந்து சரிசெய்யாது. ஆனால் இருந்ததை இருந்தபடி கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்திருக்கலாம். வருகிற பொங்கலுக்கும் இருந்திருக்கலாம். அவளுக்குக் கெடுதல் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எந்தப் பக்கம் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. என்னிடம் இருந்த தகவலுக்கு நான் செய்தது சரிதான் என்று கமிட்டியில் இருந்த அந்த டாக்டர் அம்மாள் சொன்னார். நீ அப்படி நினைக்க வேண்டும் என்று கேட்க நான் இதை எழுதவில்லை.

வேலை நின்றுவிட்டது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போக யாரும் முன்வரவில்லை. கட்டுரையோடு முடிகிறது. என்னைப் பட்டு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பட்டு நூலின் பசையை நீக்க ஒரு நொதி வேண்டுமாம், சுடுதண்ணீரிலும் மடிப்பு கலையாத நொதி. சரத்தில் எந்த மணியை மாற்றினால் இறுகும் என்று பார்த்து நான் வடிவமைத்துக் கொடுத்தேன். முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீரில் அது அசையாமல் வேலை செய்கிறது. ரவிக்குமார் என்று எங்களோடு ஒரு பையன் இருக்கிறான், இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு விஷயம் உங்கள் இருவரிடமும் கேட்க வேண்டும். சக்தியின் செல்கள் என்னிடம் இருக்கின்றன. திட்டம் முடிந்ததால் இந்த வருஷக் கடைசிக்குள் அழித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஒரு ஆய்வகம் இதே நோயில் வேலை செய்கிறது. அவர்கள் அந்தச் செல்களைக் கேட்கிறார்கள். அனுப்பினால் அங்கே வேலை தொடரலாம், வேறு குழந்தைகளுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் நான் தொடமாட்டேன். அழித்துவிடு என்றால் நானே செய்கிறேன், வேறு யார் கையிலும் விடமாட்டேன். வந்து பார்க்க வேண்டும் என்றாலும் வாருங்கள்.

பிரியா


ராமாபுரம்
8 டிசம்பர் 2024

பிரியாவுக்கு,

நேற்று வந்து போனதில் உன்னிடம் நான் பேசியது மூன்று நான்கு வார்த்தைதான். மீதியை இதில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை நான் ஜோதியிடம் காட்டாமல் ஒரு மாதம் கடையிலேயே வைத்திருந்தேன். எலிகள் நடக்கின்றன என்று நீ எழுதியிருந்ததை அவள் படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, “ஒருக்கா பாத்துட்டு வந்தரலாங்க” என்றாள்.

எனக்கு உன் ஆய்வகத்தில் அந்த மைக்ராஸ்கோப் மிஷினில் கண் வைக்கவே மனம் இல்லை. வைத்தபோது, சிறு மீன்குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அவ்வளவுதான். சக்தியை நினைவுபடுத்த அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, தாங்கமுடியாமலும் இருந்தது. ஜோதி வெகுநேரம் பார்த்தாள். “இத்தன இருக்குதா?” என்று உன்னைக் கேட்டாள். நீ தலையாட்டினாய். நீ அழுவதை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பஸ் கொள்ளேகாலைத் தாண்டியது. அப்புறம் ஜோதி சொன்னாள்: “அனுப்பச் சொல்லீருங்க. இங்கதான் ஒண்ணும் நடக்குல. அங்கியாச்சும் போய் இருக்கட்டும்.” அவள் சொல்வதுதான் என் சம்மதமும். கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

இனி என் பங்கு. நீ செய்தது சரி. ஷட்டரை இறக்கிவிட்டு ஒவ்வொரு நாளும் இதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் அங்கேதான் வந்து நிற்கிறேன். கடையில் லேபிள் ஒட்டாத மருந்து டப்பாவை என்னிடம் ஒருவன் கேட்டால் நானும் கொடுக்கமாட்டேன். இதை நான் வாயால் சொல்லமாட்டேன், அதனால் எழுதுகிறேன். ஆனால் பிரியா, நீ கொடுத்து அவள் போயிருந்தால் உன்னைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். என்ன ஆனாலும் கேட்கமாட்டேன் என்று எழுதினேனே, அது பொய், கேட்டிருப்பேன். நீ கொடுக்காமல் அவள் போனாள், இப்போதும் உன்னைப் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் போயிருந்தாலும் நீயும் நானும் இங்கேதான் வந்து சேர்ந்திருப்போம். உன் மேல் கோபம் இருந்தால் ஒருநாள் தீரும். கோபம் இல்லை. அதனால் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். ஜோதி உன்னோடு பேச வேண்டும் என்றால் பேசட்டும், நான் தடுக்கமாட்டேன். நீ அனுப்புவது போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. அவள் கேட்பாள்.

சந்துரு


மைசூர்
16 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

ஒரு வரி என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் எழுத முடியவில்லை. இதுவே கடைசி.

செல்களை உறைய வைத்து, பெட்டியில் உலர் பனி நிரப்பி, நானே பெங்களூர் விமான நிலையம்வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நாட்டில் இறங்கியதும் ஏதோ ஒரு சீட்டு சரியில்லை என்று சுங்கத்தில் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டார்கள். இங்கிருந்து நான் விடாமல் போன் செய்தேன். நாளை, நாளை என்றார்கள். ஆய்வகத்தின் கைக்குப் போனபோது பனி முழுக்கத் தீர்ந்திருந்தது. அவர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இங்கே அவளுடைய செல்களில் ஒரு குப்பியை நான் எடுத்து வைத்திருந்தேன். அதை உருக்கித் தட்டில் ஊற்றினேன். ஒட்டிக்கொண்டன, உயிரோடுதான் இருந்தன, ஆனால் பிரியவில்லை. தோல் செல்கள் இத்தனை தடவைதான் பிரியும் என்று அவற்றுக்கு ஒரு எல்லை உண்டு. நீங்கள் வந்து பார்த்தபோதே அவை அந்த எல்லைக்கு அருகில் இருந்தன. சோதனைக்குச் சோதனை, தட்டுக்குத் தட்டு, அந்த மருந்தை நிரூபிக்க நான்தான் அவற்றைப் பிரிய வைத்துப் பிரிய வைத்துத் தீர்த்திருக்கிறேன். தினமும் நீர் மாற்றினேன். முதலில் அகலமாகப் பரந்தன, பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து கழன்று மிதந்தன. நேற்றுக் காலையில் பார்த்தேன். ஒட்டியிருந்தது ஒன்றும் இல்லை.

போய்ச் சேர்ந்தது, நன்றாக இருக்கிறது என்று நங்கைக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையிலேயே எழுதியும் விட்டேன், உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். என் சொல்லை நம்பித்தானே நீ அன்றைக்குக் கேன்டீன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாய். மறுபடி அப்படி ஒன்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

நங்கையிடம் நீயே சொல். எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

பிரியா